வீட்டில் அகூஸ்டிக் கிட்டார் ஒலிப்பதிவு: எந்த ப்ளகின்கள் உண்மையில் தேவைப்படும்?

ஒரு கண்டன்சர் மைக்கையும் ஒரு சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸையும் (மைக்கைக் கணினியுடன் இணைக்கும் கருவி) கொண்டு வீட்டு அறையில் அகூஸ்டிக் கிட்டாரைப் பதிவு செய்வதாகவும், ஒலி சில இடங்களில் அடைத்துக்கொண்டும் சில இடங்களில் மெலிந்தும் கேட்பதாகவும், இதைச் சரிசெய்ய எந்தெந்த ப்ளகின்களை (ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் சேர்த்து ஒலியை மாற்றும் துணை நிரல்களை) வாங்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெயர்களைப் பட்டியலிடுவது எளிது. ஆனால் காதில் விழும் குறை எது, அது எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்த பிறகே அந்தப் பட்டியலுக்குப் பயன் உண்டு என்பது என் உறுதியான கருத்து. உங்கள் கேள்வியில் உள்ள ‘அடைப்பு’, ‘மெலிவு’ ஆகிய இரண்டும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. இவற்றில் ஒன்றைத்தான் ப்ளகினால் ஓரளவு சரிசெய்ய முடியும்.

மெலிவிலிருந்து தொடங்குகிறேன். மைக்குக்கு வரும் ஒலியில் ஒரு பகுதி கிட்டாரிலிருந்து நேராக வருகிறது. இன்னொரு பகுதி தரையிலோ மேசையிலோ அருகிலுள்ள சுவரிலோ பட்டுச் சற்றுத் தாமதமாக வந்து சேருகிறது. ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. எதிரொலி கடந்துவரும் பாதை நேர்ப்பாதையைவிட அந்த அளவு நீளமாக இருந்தால், 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பல அதிர்வெண்களில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. பதிவிலேயே வெட்டுண்டு போன அந்த இடங்களில் ஈக்யூவைக் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் ப்ளகின்) கொண்டு எவ்வளவு ஏற்றினாலும், கிட்டாரின் ஒலியோடு அறையின் ஒலியும் சேர்ந்தே ஏறும். ஆகவே மெலிந்த ஒலிக்கு மருந்து மைக்கையும் நாற்காலியையும் இடம் மாற்றுவதிலும், அருகிலுள்ள கடினமான பரப்புகளைத் தடிமனான துணியாலோ மெத்தையாலோ மறைப்பதிலும்தான் இருக்கிறது. இந்தக் குறைக்காக எந்த ப்ளகினையும் வாங்க வேண்டாம்.

அடைப்பு வேறு வகை. பெரிய உடல் கொண்ட கிட்டார்களில், உள்ளே இருக்கும் காற்று ஒலித்துளை வழியாக ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதிரும்; மேற்பலகையின் முதன்மையான அதிர்வு அநேகமாக 200 ஹெர்ட்ஸுக்கு அருகே அமையும். மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைத்தால் இந்த இரண்டுமே மிகையாகப் பதிவாகும். முன்பக்க ஒலியை அதிகமாகப் பிடிக்கும் கார்டியாய்டு வகை மைக்குகள் பெரும்பாலும், ஒலிமூலத்தை நெருங்க நெருங்கத் தாழ்ந்த ஒலிகளைக் கூடுதலாகப் பதிவு செய்யும் என்பதால், பத்து சென்டிமீட்டருக்குள் கொண்டுபோனால் அடைப்பு இன்னும் மோசமாகும். மைக்கை 12ஆவது ஃப்ரெட்டை நோக்கி 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் வைப்பது நல்ல தொடக்கம். அங்கிருந்து இரண்டு மூன்று இடங்களுக்கு நகர்த்தி, ஒரே பகுதியை ஒரே வேகத்தில் வாசித்துப் பதிந்து, எந்த ப்ளகினும் இல்லாமல் ஒப்பிட்டுக் கேளுங்கள். அதற்குப் பிறகும் எஞ்சி நிற்கும் அடைப்பை ஈக்யூ நன்றாகவே சமாளிக்கும்.

பதிவு அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் அது ப்ளகின் தேர்வைப் பாதிக்கிறது. 24 பிட்டில் பதிவு செய்யும்போது உச்சங்கள் முழு அளவுக்கு (டிஜிட்டல் பதிவு தாங்கும் உச்ச வரம்புக்கு) 10 அல்லது 12 டெசிபல் கீழே நின்றால் போதும். பழைய அனலாக் கருவிகளைப் போல நடந்துகொள்ளும்படி எழுதப்பட்ட ப்ளகின்களில் பல, சராசரி ஒலி முழு அளவுக்கு ஏறத்தாழ 18 டெசிபல் கீழே இருக்கும் என்று எதிர்பார்க்கின்றன. உச்சத்தைத் தொடும்படி பதிந்த ட்ராக்கை அவற்றுக்குள் அனுப்பினால், அவை எதிர்பாராத அளவுக்கு ஒலியைச் சிதைக்கும். நல்ல ப்ளகினையே மட்டமானது என்று ஒதுக்கிவிட நேரும்.

இப்போது ஈக்யூ. உங்கள் ஒலிப்பதிவு மென்பொருள் எதுவாக இருந்தாலும், அதனுடன் வரும் சாதாரண ஈக்யூ முதல் வேலைக்குத் தாராளமாகப் போதும். வழக்கமான சுருதியில் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அதற்குக் கீழே பதிவாகியிருப்பது நாற்காலி அசைவு, காலால் தாளம் தட்டியது, தெருவின் இரைச்சல் போன்றவை மட்டுமே. 70 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு ஹை பாஸ் ஃபில்டரை (குறித்த அளவுக்குக் கீழான அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டி) வைத்தால் அவை அகன்றுவிடும். ஆறாவது தந்தியை டி சுரத்துக்கு இறக்கி வாசிப்பவர்களுக்கு அந்தத் தந்தி 73 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடுவதால், ஃபில்டரை 60 வரை இறக்க வேண்டும். 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அகலமான வளைவாக இரண்டு மூன்று டெசிபல் குறைத்தால், பெட்டிக்குள்ளிருந்து வருவது போன்ற தன்மை பெரும்பாலும் குறையும். தந்தியைப் பிக் தொடும் ஒலியின் கூர்மை 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கிறது. 10,000க்கு மேல் மெல்லிய பளபளப்பு மட்டுமே. புதிய தந்திகளைப் போட்டுப் பதிந்திருந்தால் இந்த மேற்பகுதியைத் தொடவே தேவைப்படாது. மங்கிப்போன தந்திகளிலிருந்து அந்தப் பளபளப்பை ஈக்யூவால் வரவழைக்க முயன்றால் இரைச்சல்தான் உயரும்.

ஒரு வளைவைக் கூர்மையாக்கி, பத்துப் பன்னிரண்டு டெசிபல் ஏற்றி, அங்குமிங்கும் நகர்த்தி, எங்கே காதுக்குக் கொடுமையாக இருக்கிறதோ அங்கே வெட்டும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. அவ்வளவு ஏற்றினால் எந்த அதிர்வெண்ணும் கொடுமையாகத்தான் கேட்கும். முடிவில் குற்றமில்லாத இடங்களெல்லாம் வெட்டுப்படும். எந்தச் சுரத்தை வாசிக்கும்போது அடைப்பு வருகிறது என்று கவனிப்பதே நேரான வழி. ஆறாவது தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். ஐந்தாவது தந்தியைத் திறந்து மீட்டினால் வரும் ஏ சுரம் 110 ஹெர்ட்ஸ். கிட்டாரின் உட்காற்று அதிரும் அதிர்வெண் இந்த இரண்டுக்கும் இடையிலோ அருகிலோ இருப்பதால், ஜி கார்டும் ஏ கார்டும் மட்டும் குமுறுவதும் மற்றவை இயல்பாக ஒலிப்பதும் பல கிட்டார்களில் காணப்படும் நிலை. கண்ணாலும் சரிபார்த்துக்கொள்ள விரும்பினால், வோக்ஸெங்கோ நிறுவனத்தின் இலவச ப்ளகினான ஸ்பான் அதிர்வெண் வரைபடத்தைத் தெளிவாகக் காட்டும்.

இங்கேதான் சாதாரண ஈக்யூவின் எல்லை தெரிகிறது. ஜி சுரத்தின் குமுறலுக்காக 100 ஹெர்ட்ஸில் ஐந்து டெசிபல் வெட்டினால், அந்த வெட்டு பாடல் முழுவதும் நிற்கும். குமுறாத கார்டுகள் தங்கள் அடித்தளத்தை இழக்கும். டைனமிக் ஈக்யூ அந்தப் பகுதியில் ஒலி குறித்த அளவைத் தாண்டும்போது மட்டும் குறைத்து, அது தணிந்ததும் விட்டுவிடுகிறது. அகூஸ்டிக் கிட்டாருக்கு மென்பொருளுடன் வருபவற்றுக்கு வெளியே நீங்கள் தேட வேண்டிய முதல் ப்ளகின் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். டோக்கியோ டான் லேப்ஸின் டிடிஆர் நோவா இலவசமாகக் கிடைக்கும் டைனமிக் ஈக்யூ; நான்கு பட்டைகள் இருக்கின்றன, இந்த வேலைக்கு அவை போதும். ஃபேப்ஃபில்டரின் ப்ரோ-க்யூ 3உம் அதற்குப் பின் வந்த பதிப்பும் இதே வேலையைக் கூடுதல் வசதியுடன் செய்கின்றன. நாள்தோறும் கலவை செய்பவருக்கு அந்த வேகம் விலைக்குத் தகும், மாதம் ஒரு பாடல் பதிபவருக்கு நோவாவே நிறைவு தரும். ஓயெக்சவுண்டின் சூத் 2 போன்ற, உறுத்தும் அதிர்வெண்களைத் தானே கண்டுபிடித்து அடக்கும் ப்ளகின்கள் திறமையானவைதான். ஆயினும் மைக் வைப்பைச் சரிசெய்வதற்கு முன்பு அவற்றை வாங்கினால், சிக்கலின் மூலம் மறைந்து நின்றுவிடும்.

ஈக்யூவில் லீனியர் ஃபேஸ் (எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவு தாமதப்படுத்தும் முறை) என்றொரு வசதியைக் காண்பீர்கள். பெயர் உயர்தரமாகத் தோன்றினாலும், தனி மைக்கில் பதிந்த கிட்டாருக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். தந்தியை மீட்டும் கூர்மையான தொடக்கத்துக்குச் சற்று முன்னரே ஒரு மெல்லிய அதிர்வை அது உண்டாக்கக்கூடும். தாழ்ந்த அதிர்வெண்களில் செங்குத்தாக வெட்டும்போது இது காதில் படும். ஒரே வாசிப்பை இரண்டு மைக்குகளில் பதிந்து, அவற்றில் ஒன்றுக்கு மட்டும் ஈக்யூ போட வேண்டிய நிலையில் அந்த வசதி பொருத்தமானது.

கிட்டாருக்குள் பீசோ பிக்கப் இருந்து, அறை மோசமாக இருப்பதால் கேபிள் வழியாகப் பதிய நினைத்தால், தேவை மாறிவிடும். பீசோ கிட்டாரின் பாலத்தில் ஏற்படும் அழுத்தத்தை உணர்கிறது. உடலின் அதிர்வும் காற்றில் பரவும் ஒலியும் அதில் பெரும்பாலும் இல்லை. 1000 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை நெகிழித் தகட்டைத் தட்டுவது போன்ற ஒரு கடுமை மேலோங்கும். ஈக்யூவால் அந்தக் கடுமையைத் தணிக்கலாம். இல்லாத உடலை உண்டாக்க இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்பு தேவை. ஒரே கிட்டாரின் பீசோ ஒலியையும் மைக் ஒலியையும் ஒப்பிட்டு, அவற்றுக்கு இடையிலான வேறுபாட்டை இத்தகைய கோப்பாகச் சேமிக்கிறார்கள். அதை ஏற்றுவதற்கு விலையுள்ள ப்ளகின் தேவையில்லை. இக்னைட் ஆம்ப்ஸின் இலவச நாட்ஐஆர், ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் ரீவெர்ப், அல்லது கோப்பை ஏற்ற இடம் தரும் எந்தக் கன்வல்யூஷன் ரிவர்பும் (இத்தகைய கோப்பைக் கொண்டு எதிரொலி சேர்க்கும் ப்ளகின்) அதைச் செய்யும். உங்கள் கிட்டாரின் அளவுக்கும் வடிவத்துக்கும் நெருங்கிய கிட்டாரிலிருந்து எடுத்த கோப்பைத் தேர்ந்தெடுத்து, முதலில் பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள். பீசோவையும் மைக்கையும் ஒருசேரப் பதிந்திருந்தால், 30 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் மைக்கின் ஒலி ஒரு மில்லி விநாடிக்குச் சற்றுக் குறைவாகப் பிந்தியிருக்கும். அந்த ட்ராக்கை அவ்வளவு முன்னே இழுத்துப் பொருத்திய பிறகே ஈக்யூவைப் பற்றி முடிவெடுங்கள்.

உரத்த ஒலியைத் தானாக அடக்கும் கம்ப்ரசரின் தேர்வில் விற்பனை விளம்பரங்கள் ஏற்படுத்தும் குழப்பம் அதிகம். பழைய புகழ்பெற்ற கருவிகளின் நகல்கள் டஜன்கணக்கில் கிடைக்கின்றன. எது எந்த வாசிப்புக்குப் பொருந்தும் என்பதை அவற்றின் வேகம்தான் தீர்மானிக்கிறது. 1176 என்ற கருவியின் அட்டாக் (ஒலியை அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்), மிக மெதுவாக வைத்தாலும் ஒரு மில்லி விநாடியை எட்டுவதில்லை. அதாவது தந்தியின் மீது பிக் படும் கணத்தையே அது அமுக்கிவிடும். ஸ்ட்ரம்மிங் மிகக் கூர்மையாக, ஊசி போலக் குத்தும்போது அது நன்மை. விரல்களால் மென்மையாக மீட்டும் வாசிப்பில் அது உயிரை உறிஞ்சிவிடும். எல்ஏ-2ஏ என்ற மற்றொரு கருவி ஒளியை உணரும் பாகத்தைக் கொண்டு இயங்குவதால் ஏறத்தாழ 10 மில்லி விநாடி கழித்தே பிடிக்கிறது, முதலில் விரைவாகவும் பின்பு மெதுவாகவும் விடுவிக்கிறது. விரல் வாசிப்புக்கும் மெதுவான பாடல்களுக்கும் அது இயல்பாகப் பொருந்தும்.

எந்த நகலும் இல்லாமலேயே நல்ல பலனைப் பெறலாம். அட்டாக், ரிலீஸ் (அமுக்கியதை விடுவிக்கும் நேரம்), விகிதம் (அமுக்கும் அளவு) ஆகியவற்றை எண்களாகக் காட்டும் சாதாரணக் கம்ப்ரசரில், விகிதத்தை 2 அல்லது 3க்கு 1 என்றும், அட்டாக்கை 20 முதல் 30 மில்லி விநாடி என்றும், ரிலீஸை 100 மில்லி விநாடியை ஒட்டியும் வைத்து, ஒலி உரக்க எழும் இடங்களில் இரண்டு முதல் நான்கு டெசிபல் வரை மட்டும் குறையும்படி அமைத்தால் பெரும்பாலான பதிவுகளுக்குப் பொருந்தும். ரீப்பரின் ரீகாம்ப், லாஜிக் மென்பொருளுடன் வரும் கம்ப்ரசர், டோக்கியோ டானின் இலவசக் கோடெல்னிகோவ் ஆகிய எதுவும் இதற்கு ஏற்றது. நீங்கள் இன்னும் கற்றுவரும் நிலையில் இருந்தால், ஒரே குமிழ் கொண்ட அழகான ப்ளகினைவிட எண்களைக் காட்டும் ப்ளகினையே நான் பரிந்துரைப்பேன். காரணமும் விளைவும் கண்முன் தெரியும். ஒரு வரி மட்டும் திடீரென உரக்க ஒலிக்கிறது என்றால், கம்ப்ரசரை நாடாமல் அந்த வரியின் ஒலியளவைக் கையால் குறைத்துவிடுங்கள். அது எப்போதும் சுத்தமாக இருக்கும்.

பணம் செலவிட ஓரிடத்தைக் காட்டச் சொன்னால் ரிவர்பைக் காட்டுவேன். கிட்டார் ஒலி சட்டென்று தொடங்கி மெல்லத் தேய்வது. அந்தச் சட்டென்ற தொடக்கத்தைத் தரக்குறைவான ரிவர்புக்குள் அனுப்பினால், வாலில் (எதிரொலி தேய்ந்து மறையும் பகுதியில்) உலோகத் தகடு சலசலப்பது போன்ற ஒலி எழும். குரலில் மறைந்துபோகும் இந்தக் குறை தனிக் கிட்டாரில் மறையாது. மென்பொருளுடன் வரும் ரிவர்புகளில் நல்லவையும் உண்டு. சோதிப்பதற்கு ஒரே ஒரு சுரத்தைப் பிக்கால் கூர்மையாக மீட்டி நிறுத்தி, வால் மட்டும் கேட்கும்படி அமைத்துக் கேளுங்கள். அது ஒரே சீராகத் தேய்ந்தால் புதியது வாங்க வேண்டியதில்லை.

வீட்டில் பதிபவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. விளம்பரங்களில் இதை யாரும் சொல்வதில்லை. உங்கள் பதிவில் சிறிய அறையின் தொடக்க எதிரொலிகள் ஏற்கெனவே படிந்திருக்கின்றன. ஒரு பெரிய அரங்கை அப்படியே போலி செய்யும் ரிவர்பை அதன்மேல் போட்டால், சிறிய அறையின் எதிரொலியும் பெரிய அரங்கின் எதிரொலியும் மோதிக்கொள்ளும். கேட்பவருக்கு அது அரங்காகவும் தோன்றாது, அறையாகவும் தோன்றாது. ஆகவே தொடக்க எதிரொலிகளைத் தனியாகக் குறைக்கும் வசதியுள்ள ரிவர்பைத் தேர்ந்தெடுங்கள். வல்ஹல்லா ரூமில் இந்த வசதி இருக்கிறது. இலவசமான ஓரில்ரிவரிலும் இருக்கிறது. ப்ளேட் வகை ரிவர்ப் இதற்கு மற்றொரு நல்ல விடை. 1957இல் வந்த இஎம்டி 140 என்ற கருவி, பெரிய எஃகுத் தகட்டை அதிரவைத்து எதிரொலியை உண்டாக்கியது. சுவர்களிலிருந்து தனித்தனியாக வரும் தொடக்க எதிரொலிகள் அதில் இல்லை, முதலிலிருந்தே அடர்த்தியான வால் மட்டுமே. அதைப் பின்பற்றிய ப்ளகின்கள் சிறிய அறையில் பதிந்த கிட்டாரோடு மோதாமல் கலப்பதற்கு இதுவே காரணம். வல்ஹல்லாவின் இலவச சூப்பர்மாசிவ் மிகப் பரந்த, மிதக்கும் வெளிகளுக்காக எழுதப்பட்டது. அந்த வகை இசைக்கு அருமையானது, முதல் ரிவர்பாகக் கொள்ளத் தக்கதன்று.

எந்த ரிவர்பானாலும் கிட்டார் ட்ராக்கிலேயே போடாமல் தனித் தடத்தில் வைத்து அனுப்புங்கள். அந்தத் தடத்தில் ரிவர்புக்கு முன்னால் ஓர் ஈக்யூவை வைத்து, 600 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 10,000க்கு மேலேயும் வெட்டுவது அபே ரோடு ஸ்டூடியோவின் பெயரால் அறியப்படும் பழைய வழக்கம். கிட்டாருக்கு 600 அதிகமாகத் தோன்றினால் 300இல் நிறுத்தலாம். ப்ரீ டிலே (எதிரொலி தொடங்கும் முன் விடும் இடைவெளி) 20 முதல் 40 மில்லி விநாடி வரை இருந்தால், மீட்டும் ஒலி தெளிவாக முன்னே நிற்கும், எதிரொலி பின்னால் தொடரும்.

இரைச்சல் நீக்கிகள் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. மின்னோட்டத்தின் முனகல் 50 அல்லது 60 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் வரும். முதலில் கேபிளையும் பவர் இணைப்பையும் பாருங்கள். சீரான பின்னணி இரைச்சலை ரீப்பரின் ரீஃபிர் கழித்துவிடும். ஒலி சீரமைப்பு மென்பொருளான ஐசோடோப் ஆர்எக்ஸின் எட்டாம் பதிப்பு முதல் கிட்டாருக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. விரல் தந்தியில் வழுக்கும் கீச்சொலியையும் பிக்கின் தட்டலையும் தனித்தனியே குறைக்கும். ஆனால் கீச்சொலியை முற்றிலும் அழித்துவிட்டால் வாசிப்பவரின் கையே காணாமல் போகும். உறுத்துகின்றவற்றை மட்டும் ஐந்து ஆறு டெசிபல் குறைத்தால் போதும். பாடலுக்கு நான்கைந்து இடங்களே இருக்கும் என்றால் அதைக் கையாலேயே செய்துவிடலாம்.

கிட்டாரை அகலமாக்கும் ஸ்டீரியோ ப்ளகின்களைத் தவிர்த்துவிடுங்கள். ஒரே பதிவைச் சற்றுத் தாமதித்து மறுபக்கம் அனுப்பும் தந்திரம், ஒற்றை ஸ்பீக்கரில் கேட்கும்போது ஒலியைக் குடைந்தெடுத்துவிடும். அகலம் வேண்டுமென்றால் அதே பகுதியை இரண்டாம் முறை வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் வையுங்கள்.

வாங்குவதற்கு முன், ப்ளகின் எந்தக் கோப்பு வடிவத்தில் வருகிறது என்று சரிபாருங்கள். லாஜிக்கும் கராஜ்பேண்டும் ஏயூ வடிவத்தை மட்டுமே ஏற்கும், ப்ரோ டூல்ஸுக்கு ஏஏஎக்ஸ் வேண்டும், மற்றவற்றில் பெரும்பாலானவை விஎஸ்டி 3ஐ ஏற்கும். ப்ளகின்களின் வழியே உங்கள் வாசிப்பைக் கேட்டபடி பதிய நினைத்தால் தாமதத்தையும் பாருங்கள்: 48,000 மாதிரி வீதத்தில் 128 மாதிரி பஃபர் (கணினி ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலித்துண்டு) என்பது ஒருவழிக்கு 2.7 மில்லி விநாடி. லீனியர் ஃபேஸ் ஈக்யூவும் முன்னோக்கிக் கேட்கும் கம்ப்ரசரும் அதன்மேல் பல மடங்கு கூட்டிவிடும். பதியும்போது இன்டர்ஃபேஸின் நேரடிக் கேட்பை வைத்துக்கொண்டு, ப்ளகின்களைப் பின்னர் சேர்ப்பதே நிம்மதி.

விலையுள்ள ப்ளகின்களுக்குப் பெரும்பாலும் இலவசச் சோதனைக் காலம் தருகிறார்கள். மைக் வைப்பு முடிவாகி, ஒரு ஸ்ட்ரம்மிங் பகுதியும் ஒரு விரல் வாசிப்புப் பகுதியும் நல்லபடியாகப் பதிவான பிறகே அந்தக் காலத்தைத் தொடங்குங்கள். ப்ளகின் வழியே வரும் ஒலியையும் அது இல்லாத ஒலியையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். ஒரு டெசிபல் உரக்கக் கேட்டாலே அதுவே மேலானது என்று காது தீர்ப்பளித்துவிடும், பல ப்ளகின்கள் இயக்கியவுடனேயே ஒலியளவைச் சற்று உயர்த்திவிடுகின்றன. குரலோ வேறு கருவியோ உடன் ஒலிக்கும் பாடல் என்றால், கிட்டாரைத் தனியாகக் கேட்டு முடிவெடுக்காமல் அவற்றோடு சேர்த்தே கேளுங்கள். மறுநாள் காலையில், எது எந்தப் பதிவு என்று பெயரைப் பார்க்காமல் மீண்டும் ஒருமுறை கேட்டு, அப்போதும் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தால் வாங்குங்கள்.